எரிமலைச் சாம்பலும் ஒரு ஐஸ்கிறீம் பெட்டியும்

என் சமையலறையில், அரிசி வாளிக்குப் பக்கத்தில், இரண்டு லீற்றர் வனிலா ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று மூன்று வருடமாக வெறுமையாக இருக்கிறது. சிவப்பு மூடி. மூடியின் மேல் ஒட்டிய காகித நாடாவில் பேனாவால் அழுத்தி எழுதியிருக்கிறது: "சாமிப் பூ. வேறை ஒண்டும் போடக்கூடாது." டென்மார்க்கில் எந்தத் தமிழ் வீட்டு ஃபிரீசரைத் திறந்தாலும் ஐஸ்கிறீம் பெட்டிகள் அடுக்கியிருக்கும், உள்ளே ஐஸ்கிறீம் மட்டும் இருக்காது. ஒன்றில் நண்டு, ஒன்றில் துருவிய தேங்காய், ஒன்றில் போன தைப்பொங்கலுக்கு வாங்கிய முருங்கைக்காய். அப்படி ஒரு வீட்டில் இந்தப் பெட்டி மட்டும் மீனோடு சேராமல், சாமியறைத் தட்டில் தனியாக இருந்தது. அந்த எழுத்து என் மாமியுடையது. அம்மாவின் தம்பியின் மனைவி. ஸ்கீவ என்ற ஊரில் இருக்கிறார், ஒரு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. அவருடைய பெட்டியை நான் ஏன் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்களுடைய ஆட்களுக்குள் ஒரு பழக்கம்: ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. இரண்டு வாழைப்பழமாவது வைத்துக் கொடுக்க வேண்டும். எதை வைத்துக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாகத் தெரியவில்லை.

அப்போது ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எரிமலைப் பூப் பைத்தியம் பிடித்திருந்த காலம். பைத்தியம் என்பது கொஞ்சமும் மிகையில்லை. மற்றவர்கள் தொலைபேசியில் நடிகர்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஐஸ்லாந்தின் கரிய எரிமலைக் குழம்புப் பாறையில், விரல் நுழையாத வெடிப்பிலிருந்து ஊதாவாக எழுந்து நிற்கும் காட்டுப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாம் எரிந்து உருகி ஓடிய இடத்தில் முதலில் வந்து நிற்பது எது? யார் அதைக் கொண்டுவந்தது? காற்றா, பறவையா? யாராவது என்னிடம் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் போதும், பத்தாவது நிமிடம் என் பேச்சு எரிமலைப் பாறையின் பாசியில் வந்து நிற்கும். டென்மார்க்கில் எரிமலை இல்லை என்று சிரிப்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது: ஃபூர் தீவு. ஸ்கீவவிலிருந்து வடக்கே காரில் போய், சில நிமிடம் படகில் கடந்தால் அந்தத் தீவு. அங்கே மோலர் என்ற வெளிறிய, கையில் எடுத்தால் கனமே இல்லாத களிமண் குன்றுகளுக்குள் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. ஏறத்தாழ ஐந்தரைக் கோடி வருடத்துக்கு முன் வடக்கே வெடித்த எரிமலைகளின் சாம்பல் பறந்து வந்து, கடலடியில் படிந்து, பிறகு மண்ணோடு மேலே வந்த கோடுகள். களிமண் வெட்டிக் கைவிடப்பட்ட பழைய பள்ளம் ஒன்றின் சரிவில், அந்தக் கறுப்புக் கோட்டின் மேலேயே நீலமாகப் பூக்கிறது ஒரு காட்டுப் பூ. டேனிஷ்காரர் அதைச் சின்ன மணி என்று சொல்கிறார்கள். தண்டு நூல் அளவுதான். பூ மட்டும் காற்றுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நிற்கும்.

என்னுடைய ஆய்வு இதுதான். கறுப்புச் சாம்பல் வெயிலைக் கூடுதலாக இழுக்கும். ஆகவே சாம்பற்கோட்டின் மேல் நிற்கும் சின்ன மணி, பக்கத்து வெளிறிய களிமண்ணில் நிற்பதைவிட முந்திப் பூக்கும், கூடுதலாகவும் பூக்கும். இது என் ஊகம். சரிவில் பதினான்கு சதுரங்களைக் குச்சி நட்டுக் குறித்து, ஏழு கறுப்பில், ஏழு வெளிறலில், கோடை முழுவதும் வாரத்துக்கு இரண்டு தடவை பூக்களை எண்ண வேண்டும். இது நன்றாக வந்தால் அடுத்த வருடம் எங்கள் ஆசிரியர் ஐஸ்லாந்துக்குக் கூட்டிப்போகும் குழுவில் எனக்கு ஓர் இடம். ஒரேயொரு இடம்தான் மிச்சம். அதை அவர் என்னிடம் சொன்ன நாளிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை.

என்னிடம் கார் இல்லை, ஓட்டுநர் அனுமதியும் இல்லை. அம்மாதான் மாமிக்குத் தொலைபேசி எடுத்தார். மாமி ஒரு சொல்லும் கேட்கவில்லை, "அனுப்பி விடுங்கோ மச்சாள், அறை சும்மாதானே கிடக்குது" என்றாராம். அந்தக் கோடை முழுவதும் அவர் வீட்டில் தங்கினேன். பின்னேர வேலை என்பதால் காலைகள் மாமிக்கு ஓய்வு. அந்த ஓய்வைத்தான் நான் தின்றேன். திங்களும் வியாழனும் என்னைத் தீவுக்குக் கூட்டிப்போய், நான் சரிவில் குந்தியிருந்து எண்ணும்வரை, கீழே மடக்குக் கதிரையில் இருப்பார். முதல் நாள் குச்சிகள் புல்லுக்குள் தெரியவில்லை என்று நான் புறுபுறுக்க, கைப்பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்து ஐம்பத்தாறு குச்சிக்கும் அவரே கட்டினார். "உன்ரை பூவெல்லாம் காப்புக் கட்டின மாதிரி நிக்குது" என்று சிரித்தார். நான் டேனிஷில் ஏதோ பதில் சொன்னேன். அவர் தமிழில் கதைப்பார், நான் டேனிஷில் பதில் சொல்வேன். அது அப்படியேதான் நடந்துகொண்டிருந்தது. பல்லில்லாத யூலாந்துப் பக்கத்துக் கிழவர்கள் வாய்க்குள் முணுமுணுப்பதைப் புரிந்துகொள்ளும் மனுஷி அவர். என் டேனிஷ் அவருக்கு எம்மாத்திரம்?

மாமி பூப் பிடுங்குவதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஏனென்றால் ஹேர்னிங்கில் நான் வளர்ந்த தெருவில், விடியக் காலமை உலாத்தப் போகிற அன்ரிமார் டேனிஷ்காரரின் வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரோசாவைச் சாமிக்கு என்று ஒடித்துக்கொண்டு வருவது சர்வ சாதாரணம். "வெளியில நிண்டது, அது றோட்டுக்குச் சொந்தம்" என்று நியாயம் வேறு. மாமி அப்படியில்லை. கேட்காமல் பிடுங்கிய பூவை அவர் சாமிக்கு வைக்க மாட்டார். படகுத்துறைக்குப் போகும் வழியில் ஒரு பண்ணை வீடு. அதன் வேலி ஓரத்திலும் சின்ன மணி பூத்திருந்தது. ஒவ்வொரு தடவையும் காரை நிறுத்தி, இறங்கிப் போய், கதவைத் தட்டி, அந்த வீட்டு டேனிஷ் அம்மாவிடம் பிடுங்கலாமா என்று கேட்பார். அவர் ஒவ்வொரு தடவையும் சிரித்து, இது களைதானே, எல்லாவற்றையும் கொண்டுபோ என்பார். "மாமி, ஒருக்காக் கேட்டால் காணும்தானே" என்று நான் நேரம் பார்த்துப் பொறுமையிழப்பேன். "அண்டைக்குக் கேட்டது அண்டையப் பூவுக்கு" என்பார். செடிக்கு ஒரு பூவை விட்டுவிட்டு, மிச்சத்தை இந்தச் சிவப்பு மூடிப் பெட்டிக்குள் ஈரத்துணி விரித்து வைப்பார். என் சதுரங்கள் இருந்த பள்ளத்துப் பக்கம் அவர் கை போனதே கிடையாது.

ஜூலையில் ஒரு கிழமை நான் எண்ணப் போகவில்லை. நோயும் இல்லை, நொடியும் இல்லை. சிநேகிதிகள் ஓர் இசைவிழாவுக்குப் போகிறார்கள், கூடாரத்தில் ஓர் இடம் இருக்கிறது என்று செய்தி வந்தது, அவ்வளவுதான். மாமிதான் என்னை ஸ்கீவ ரயில் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினார். "அப்ப பூவை ஆர் எண்ணுறது?" என்று கேட்டார். ஒரு கிழமை ஒன்றும் ஆகாது என்றேன். ஐந்து இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்தார். திரும்பி வந்த அன்று ஆசிரியரிடமிருந்து தொலைபேசி: ஐஸ்லாந்துக் குழுவை முடிவு செய்யப் போகிறேன், இதுவரையான எண்ணிக்கையை உடனே அனுப்பு. அட்டவணையைத் திறந்தேன். இரண்டு நிரல்கள் வெறுமையாக இருந்தன, திங்களும் வியாழனும். அந்த இடத்தில் நான் எழுதியிருக்க வேண்டியது ஒரு வரி: போகவில்லை. அதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. வெறுமையாக ஒன்றைக் கையில் கொடுக்க வெட்கம். கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு, இருபத்தெட்டுக் கட்டங்களுக்கும் எண்களைப் போட்டேன். கறுப்புச் சதுரங்களுக்குக் கைநிறைய, வெளிறலுக்குக் கொஞ்சமாக. ஒன்றுக்கு முப்பத்தொன்று என்று போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. முப்பது என்றால் பொய் மாதிரித் தெரியும் என்று முப்பத்தொன்று போட்டேன்.

அனுப்பிய மூன்றாம் நாள், இவ்வளவு அழகான எண்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசிரியரே தீவுக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர். மழை மேலாடையும் ரப்பர்ச் சப்பாத்துமாகச் சரிவில் ஏறி, முப்பத்தொன்று எழுதிய சதுரத்தின் முன் முழங்காலிட்டார். ஒன்பது பூ இருந்தது. சின்ன மணி வாடினாலும் தண்டில் காய்ந்து தொங்கும், அடியில் காய் பிடிக்கும். வாடியதும் இல்லை, காயும் இல்லை. அவர் நிமிர்ந்து, "மிச்சம் எங்கே போயிற்று?" என்று கேட்டார். குற்றம் சாட்டவில்லை, வியப்பாகத்தான் கேட்டார். கீழே மாமி மடக்குக் கதிரையில் இருந்தார், மடியில் பெட்டி, மூடி திறந்தபடி, உள்ளே பண்ணை வீட்டு வேலியில் கேட்டுப் பிடுங்கிய நீலப் பூக்கள். ஆசிரியரின் பார்வை அங்கே போய்த் திரும்பியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நான். வேகமாக, சிரித்துக்கொண்டு, டேனிஷில்: "எங்கள் ஆட்கள் கடவுளுக்குப் பூ வைப்பார்கள். மாமிக்கு இந்தக் குச்சிகள் எதற்கென்று புரிந்திருக்காது."

அந்த ஐம்பத்தாறு குச்சிக்கும் நூல் கட்டியவர் அவர்.

ஆசிரியர் இறங்கிப் போய், மிக மரியாதையாக, மேலிருந்தும் பூ எடுத்தீர்களா என்று கேட்டார். மாமி என்னைப் பார்த்தார். ஒரு கடற்பறவை தலைக்கு மேலால் கத்திக்கொண்டு போய் முடிகிற நேரம். பிறகு எழுந்து நின்று, டேனிஷில், முதியோர் இல்லத்தில் மேலாளருக்குச் சொல்கிற குரலில், "ஓம், அது நான்தான். உண்ஸ்கூல்" என்றார். மன்னிக்கவும் என்பதற்கு இந்த ஊரில் எல்லாரும் வாய்க்கு வாய் சொல்லும் அந்தச் சொல்லை அவ்வளவு பாரமாக நான் கேட்டதில்லை. ஆசிரியர் சிரித்தார், உங்கள் கடவுளுக்கு நல்ல ரசனை என்றார், கை கொடுத்தார். என் எண்கள் தப்பின. தப்பியது மட்டுமில்லை, பலமாகிவிட்டன. பூ இருந்ததற்கு அதைப் பிடுங்கியவரே சாட்சி.

திரும்பும்போது படகில் மாமி காரை நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, முன்னால் பார்த்தபடி இருந்தார். அக்கரை கிட்ட வந்தபோதுதான் கேட்டார்: "இனி உன்னை ஐஸ்லாந்துக்குக் கூட்டிக்கொண்டு போவினம்தானே?" நான் "யா" என்றேன். ஓம் என்றுகூடச் சொல்லவில்லை.

கோடை முடிந்து நான் ஓகூஸுக்குத் திரும்பிய நாள், மாமி பருத்தித்துறை வடை சுட்டு இந்தப் பெட்டி நிறையத் தந்தார். ரயிலிலேயே பாதியைத் தின்று தீர்த்தேன். எரிமலைக்காரிக்கு மூடியின் மேல் இருந்த எழுத்தை வாசிக்க நேரமிருக்கவில்லை.

ஐஸ்லாந்துக்குப் போனேன். நான் கனவில் கண்டதெல்லாம் அங்கே இருந்தது. கரிய குழம்புப் பாறை கடல் மாதிரி விரிந்து கிடக்க, அதன் வெடிப்பில், என் சுண்டுவிரல் நகமளவு ஊதாப் பூக்களோடு தைம் என்ற காட்டு மூலிகை படர்ந்திருந்தது. குனிந்து மோந்தேன். கண்ணீர் வந்தது, வந்தது உண்மை. அன்று சாப்பாட்டு மேசையில், பல நாட்டு ஆய்வாளர்கள் சுற்றியிருக்க, ஆசிரியர் ஒரு கதை சொன்னார். எங்கள் துறையில் ஏற்கெனவே பல தடவை சொல்லிப் பழகிய கதை: ஒரு முழு ஆய்வின் பூக்களும் ஓர் இந்துக் கடவுளின் காலடிக்குப் போன கதை. அவர் இகழ்ச்சியாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல், "ஐஸ்கிறீம் பெட்டியை விட்டுவிட்டீர்கள்" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். இன்னும் பலமான சிரிப்பு. எனக்கு அந்த மேசையில் ஓர் இடம் கிடைத்ததே, அது அந்தச் சிரிப்பில்தான் கிடைத்தது.

பொய்யை நிறையத் தடவை கேட்டால் அது நடந்த மாதிரியே ஆகிவிடுகிறது. அம்மாவுக்கு ஐஸ்லாந்துப் புதினம் சொல்லும்போது இதையும் பகிடியாகச் சொல்லிவிட்டேன். அம்மா அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனார். அந்த வருட ஆடித் திருவிழாவில் நானும் நின்றேன். மண்டபத்துக்குப் பின்னால் பாய் விரித்துப் பெண்கள் மாலை கட்டுவார்கள். மாமி கட்டும் மாலையைத்தான் அம்மனுக்கு முதலில் சாத்துவது வழக்கம், அத்தனை நெருக்கமாகக் கட்டுவார். ஒருத்தி தொடங்கினாள்: "அக்கா, இது எந்தத் தீவில ஆய்ஞ்ச பூ?" இன்னொருத்தி, "மெல்லக் கதையுங்கோ, பொலிசு வந்திடும்." அம்மா, "ஏன் மச்சாள், நூல் கட்டி வைச்சிருந்ததையும் விடேல்லையே நீங்கள்!" பாயே குலுங்கிச் சிரித்தது. மாமியும் சிரித்தார், குனிந்தபடி முடிச்சைப் போட்டார். நான் தூணோடு நின்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. அடுத்த வருடம் மாமி பூக் கட்டும் பாயில் இல்லை. மரக்கறி வெட்டுகிற மேசையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முழங்கால் நோகுது, கீழே இருக்க ஏலாது என்றாராம்.

அந்த இரண்டாவது திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்துதான் பெட்டியின் மூடியை வாசித்தேன். வேறை ஒண்டும் போடக்கூடாது. அந்தப் பெட்டிக்குள் வடையைப் போட்டு எனக்குத் தந்திருக்கிறார் என்றால், அதற்கு முன்பே அவர் சாமிக்குப் பூப் பிடுங்குவதை விட்டுவிட்டார் என்றுதானே அர்த்தம்? ஏறத்தாழ இரண்டு வருடமாக அந்த எழுத்து என் சமையலறையில் இருந்திருக்கிறது. நூல் தண்டில் எத்தனை மயிர் இருக்கிறது என்று உருப்பெருக்கியில் பார்க்கத் தெரிந்த எனக்கு, கண்ணுக்கு முன்னால் இருந்ததை வாசிக்கத் தெரியவில்லை.

அப்போதும் நான் ஒன்றும் செய்யவில்லை. இதையும் எழுதிவிட வேண்டும். படிப்பு முடிந்தது, பிரெடெரிசியாவில் வேலை கிடைத்தது, அறையோடு பெட்டியும் மாறியது. என் வேலை, மற்றவர்கள் வயலிலும் கரையிலும் எண்ணிக்கொண்டு வரும் செடிக் கணக்குகளைச் சரிபார்ப்பது. சிரிக்க வேண்டாம். போன மாதம் ஒரு தாள் வந்தது. வரிசையாக எண்கள், நடுவில் ஒரு கட்டம் வெறுமை. ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தது: "மழை. போகவில்லை." அவ்வளவுதான். எழுதியவர் யாரென்றும் தெரியாது. யாரும் அவரைத் திட்டவில்லை, கணக்கும் கெட்டுப்போகவில்லை. அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ, பக்கத்து மேசைக்காரி கோப்பி வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டாளாம்.

அன்றே ஆசிரியருக்கு எழுதினேன், எல்லாவற்றையும். இரண்டு நாளில் சுருக்கமாகப் பதில் வந்தது. அந்த வாரத்தை எடுத்துவிட்டால் கறுப்புக்கும் வெளிறலுக்கும் வித்தியாசமே இல்லை என்று எழுதியிருந்தார். துறைக்கு அறிவிப்பதாகவும், அந்தக் கதையை இனிச் சொல்வதில்லை என்றும் எழுதியிருந்தார். கடைசி வரி ஒரு கேள்வி: "அப்படியானால் உன் மாமி ஏன் ஒத்துக்கொண்டார்?"

போன வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஸ்கீவவுக்குப் போனேன். இப்போது நானே கார் ஓட்டுகிறேன். பெட்டி பக்கத்து இருக்கையில். வழியில் மூன்று கடைகளில் நிறுத்தினேன், பழம் பார்த்தேன், இனிப்புப் பார்த்தேன், ஒன்றும் வாங்காமல் ஏறினேன். எதை வைத்தாலும் அது இன்னொரு முப்பத்தொன்று. மாமி கதவைத் திறந்தார், தலையில் துவாய், வெள்ளிக்கிழமை முழுக்கு. பெட்டியை வாங்கினார், கனத்தைக் கை பார்த்தது.

"என்ன பிள்ளை, வெறும் பெட்டியோ கொண்டு வந்தனீ?"

"ஓம் மாமி. வெறும் பெட்டி."

நின்ற இடத்திலேயே, சப்பாத்தையும் கழற்றாமல், தமிழில் சொன்னேன். நடுவில் சொற்கள் கிடைக்காமல் தடுமாறினேன், ஆனாலும் டேனிஷுக்குப் போகவில்லை. மாமி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "உதை எனக்கேன் சொல்லுறாய்? உன்னை ஸ்டேசனில இறக்கினது நான்தானே. அந்தக் கிழமை நீ எங்கை நிண்டனீ எண்டு எனக்குத் தெரியாதே?" என்றார்.

"பிறகேன் மாமி ஓம் எண்டனீங்கள்?"

"நீ பொய் சொல்லிப்போட்டு நிண்ட நிலை. முகம் அப்பிடியே வெளிறிப் போச்சு. நான் இல்லை எண்டால் நீ என்ன ஆவாய்?" துவாயை அவிழ்த்துத் தலையைத் துவட்டிக்கொண்டார். "அந்த டேனிஷ்காரன் என்னைக் கள்ளி எண்டு நினைச்சால் நினைச்சிட்டுப் போகட்டும். அவனை நான் திரும்பக் காணப் போறேனோ? கோயிலில சொன்னியள் பார், அதுதான்." துவாயை மடித்துத் தோளில் போட்டார். பிறகு மிகச் சாதாரணமாகக் கேட்டார்: "அங்கை சொல்லுவியோ?"

எதற்கும் உடனே வாய் திறக்கிற நான், ஐஸ்லாந்து மேசையில் அத்தனை பேருக்கும் சிரிப்பு மூட்டிய நான், வாசற்படியில் நின்றேன். பூக் கட்டும் பாயில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தது, அம்மாவின் முகம் கடைசியாக. "சொல்லுவன் மாமி" என்றேன்.

மாமி தலையாட்டினார். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ என்றார். குடித்தேன். சாமியறைக் கதவு திறந்திருந்தது. படங்களுக்கு முன்னால், கடையில் வாங்கிய கார்னேசன் இரண்டு, தண்டோடு. வெளிக்கிடும்போது மாமி பெட்டியைத் திரும்ப என் கையில் தந்தார். அதற்குள்ளே அவரும் ஒன்றும் வைக்கவில்லை.

"சொல்லிப்போட்டுக் கொண்டு வா" என்றார்.

திருவிழாவுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. பாயில் உட்கார்ந்து வாய் திறக்கும்போது எங்கே தடுமாறுவேன் என்று தெரியும், அதனால்தான் முதலில் எழுதிப் பார்க்கிறேன். பெட்டி அரிசி வாளிக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே இருக்கிறது. நேற்று மூடியைத் திறந்து கழுவிக் கவிழ்த்து வைத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. இந்தத் தடவை எதையும் போட்டு நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.